‘டிஸ்ஹார்ட்டன்ட்’ என்பதற்கு ‘மனமுடைந்து’ என்று போட்டு மாட்டிக்கொண்டேன்

காலிவீதி | செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல்லால் இன்றைக்கு ஒஃபிஸில் மானம் போய்விட்டது. உதவி வேண்டும்.

நான் வேலை செய்யும் இடத்தில் (பெயர் வேண்டாம், கொழும்பு 3 என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்) எந்த அறிவித்தலையும் மூன்று மொழியிலும் ஒட்டுவார்கள். மனேஜர் ஆங்கிலத்தில் எழுதுவார். சிங்களத்துக்கு ஓர் அண்ணா இருக்கிறார். தமிழுக்கு நான். நான் கணக்குப் பகுதி. வீட்டில் தமிழ் கதைக்கிறேன் என்ற ஒரே தகுதியில் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு பெரிய டெண்டருக்காக மூன்று மாதம் எல்லாரும் பாடுபட்டோம். களஞ்சியத்தில் வேலை செய்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து இருப்புக் கணக்கு எடுத்தார்கள். கடைசியில் டெண்டர் வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. மனேஜர் எழுதிய நோட்டீஸில் ‘உங்களில் பலர் டிஸ்ஹார்ட்டன்டாக இருப்பது எனக்குத் தெரியும்’ என்ற பொருளில் ஒரு வரி. நான் அதை ‘உங்களில் பலர் மனமுடைந்த நிலையில் இருப்பதை அறிவேன்’ என்று எழுதி, பிரின்ட் எடுத்து கிராண்ட்பாஸ் களஞ்சியத்துக்கு அனுப்பினேன்.

அரை மணித்தியாலம் போகவில்லை, ஸ்டோர் கீப்பர் ஐயாவிடமிருந்து போன். குரலே சரியில்லை. “மகள், யாருக்கு என்ன நடந்தது? ஆராவது ஏதும் செய்துகொண்டார்களா?” என்றார். பின்னால் பெடியன்கள் சிரிக்கிற சத்தம். ஒருவன் “மனேஜருக்கு லவ் ஃபெயிலியராம் ஐயா” என்கிறான்.

நோட்டீஸைக் கழற்றிவிட்டோம். திங்கட்கிழமைக்கிடையில் திருத்தி ஒட்ட வேண்டும். அகராதியைப் பார்த்தால் ஊக்கமிழந்த, அதைரியமடைந்த, மனந்தளர்ந்த என்று வரிசையாக நிற்கின்றன. எதைப் போடுவது? அதற்கு முதல், அந்த ஆங்கிலச் சொல் உண்மையில் எவ்வளவு பாரம் என்பதை யாராவது சொல்லுங்கள்.


ரயில்பெட்டி | செவ்வாய், இரவு 9.20

‘அப்செட்’ என்று போடுங்கோ. களஞ்சியத்தில் எல்லாருக்கும் விளங்கும். பிரச்சினை முடிந்தது.


காலிவீதி | செவ்வாய், இரவு 9.23

தமிழ் நோட்டீஸில் ‘அப்செட்’ என்று போட்டால் என்னையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்கள் தம்பி.


பழைய_வாத்தியார் | செவ்வாய், இரவு 10.05

பிள்ளை, ஸ்டோர் கீப்பர் பயந்ததில் பிழையே இல்லை. நம்முடைய பேப்பர்களில் ‘மனமுடைந்த நிலையில்’ என்று ஒரு வரி வந்தால் அடுத்த வரியில் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல செய்தி வந்து நான் பார்த்ததில்லை. அவர் உங்களுடைய நோட்டீஸைப் பேப்பர் படிக்கிற பழக்கத்திலேயே படித்திருக்கிறார்.

ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் நடுவில் ‘ஹார்ட்’, இதயம், இருக்கிறது. முன்னால் ‘டிஸ்’, நீக்கம். பின்னால் ‘என்’, ஒன்றை அப்படி ஆக்குவது. இதயம் உடைந்தது என்ற பொருள் இதற்குள் எங்கும் இல்லை. உடைவதற்கு ‘ஹார்ட்ப்ரோக்கன்’ என்று வேறு சொல்லே வைத்திருக்கிறார்கள், நீங்கள் போட்டது அதன் தமிழ். இங்கே இதயம் என்பது காதல் குடியிருக்கிற இடமும் அல்ல. துணிவும் ஊக்கமும் இருக்கிற இடம். ‘டிஸ்கரேஜ்’ என்ற சொல்லிலும் ஒளிந்திருப்பது அதே இதயம்தான். லத்தீனில் ‘கோர்’ என்றால் இதயம், அது பிரெஞ்சு வழியாக வந்து ‘கரேஜ்’ ஆனது. ஆக இரண்டும் ஒரே யோசனையில் பிறந்த சொற்கள், ஒன்று பிரெஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் வீடு தேடுவது. வெள்ளவத்தையில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கிறீர்கள். பிடித்துப்போகிறது, ஆனால் வேறு யாரோ முந்திவிட்டார்கள். அது ‘டிஸ்அப்பொயின்ட்டட்’, ஏமாற்றம். இரண்டாவது வீட்டில் ஒரு வருட அட்வான்ஸ் கேட்கிறார்கள். மூன்றாவதில் தண்ணீர் வராது. இப்படி ஏழு வீடு ஏறி இறங்கியாயிற்று. எட்டாவது புரோக்கரின் நம்பர் கையில் இருக்கிறது, ஆனால் எடுக்க மனம் வரவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள். அந்த எடுக்காத போன்தான் ‘டிஸ்ஹார்ட்டன்ட்’.

அதாவது, முதலில் ஒரு முயற்சியோ நம்பிக்கையோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தொடர்கிற தெம்பு குறைந்தால்தான் இந்தச் சொல். ஒன்றுமே செய்யாமல் இருந்தவருக்கு இது பொருந்தாது. களஞ்சியத்துப் பெடியன்கள் மூன்று மாதம் உழைத்தவர்கள், ஆகவே மனேஜர் போட்ட சொல் சரியானதுதான். தமிழில் ‘மனம் தளர்ந்து’ என்று போடுங்கள். கயிறு தளர்ந்தால் திரும்ப இறுக்கிக் கட்டலாம்.


கொட்டாஞ்சேனை_அக்கா | செவ்வாய், இரவு 10.31

சேர் சொன்ன விளக்கம் நல்லது. ஆனால் ‘மனம் தளர்ந்து’ என்று யார் கதைக்கிறார்கள்? மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்பவர்கள்தான். வீட்டில் நாங்கள் சொல்வது ‘மனம் விட்டுப் போச்சு’.

என் தம்பி உயர்தரம் எழுதிய கதையைச் சொல்கிறேன். முதல் தடவை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கொழும்பு மாவட்டத்தில் கொஞ்சத்தால் தவறியது. இதே புள்ளிக்கு வேறு மாவட்டத்தில் இடம் கிடைத்திருக்கும் என்று பக்கத்து வீட்டார் வந்து விளக்கம் வேறு. அன்றைக்கு அவன் இரவு சாப்பிடவில்லை, ஆனால் அடுத்த நாள் டியூஷனுக்குப் போனான். இரண்டாவது தடவையும் தவறியது. அதற்குப் பிறகு அவன் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மேசையில் இருந்த பாஸ்ட் பேப்பர் கட்டை எடுத்து, இறப்பர் பேண்ட் போட்டு, அலுமாரிக்கு மேலே வைத்தான். அம்மா கேட்டதற்கு ‘மனம் விட்டுப் போச்சம்மா’ என்று மட்டும் சொன்னான். பல்கலைக்கழகத்துக்கு மூன்று தடவை எழுதலாம் என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்தக் கட்டு இரண்டு மாதம் அங்கேயே இருந்தது.

சேர் சொல்கிற எடுக்காத போன் மாதிரி எனக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் அந்த இறப்பர் பேண்ட்தான் ஞாபகம் வரும். (மூன்றாவது தடவை எடுத்தான். இப்போது பொறியியல் படிக்கிறான். கேட்கப் போகிறீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.)

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்களே, அதற்குக் காசு கொடுத்தார்களா? நோட்டீஸில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை விட அதைத்தான் அவர்கள் தேடுவார்கள்.


ரயில்பெட்டி | செவ்வாய், இரவு 10.40

அக்கா சொன்னதுக்கு ஒரு சல்யூட். ஓவர்டைம் தந்தால் டிஸ்ஹார்ட்டன்ட் தானாக ஹார்ட்டன்ட் ஆகிவிடும். அப்படி ஒரு சொல் இருக்கிறதா?


பழைய_வாத்தியார் | செவ்வாய், இரவு 10.52

பகிடிக்குக் கேட்டாலும் சரியாகத்தான் கேட்டீர்கள் தம்பி. இருக்கிறது. ‘ஹார்ட்டன்ட்’ என்றால் மனம் தேறிய, தெம்படைந்த. ‘டேக் ஹார்ட்’ என்றால் தைரியமாயிரு, ‘லூஸ் ஹார்ட்’ என்றால் மனம் தளர்வது. ‘டிஸ்ஹார்ட்’ என்ற சொல்லை மட்டும் மறந்துவிடுங்கள். ‘ஐ அம் டிஸ்ஹார்ட்’ என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி எனக்கே மனம் தளர்ந்தது.


சத்தியப்பிரமாணம் | புதன், காலை 6.48

நான் மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன். பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் 100ஆம் இலக்க பஸ்ஸின் பிரேக்கைக் குறை சொல்லுங்கள்.

‘மனம் விட்டுப் போச்சு’ வாய்ப்பேச்சில் அருமை. எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘மனம் விட்டுப் பேசினோம்’, ‘மனம் விட்டுச் சிரித்தார்’ என்றும் எழுதுகிறோமே. ஒரு எழுத்து அங்கே இங்கே மாறினால் ‘உங்களில் பலர் மனம் விட்டிருக்கிறீர்கள்’ என்பது எல்லாரும் வெளிப்படையாகப் பேசிவிட்டார்கள் என்ற பொருளைத் தரும். மனேஜரைத் திட்டியவர்கள் யார் என்று அடுத்த விசாரணை தொடங்கும்.

அதை விட முக்கியமானது, ‘மனச்சோர்வு’ என்று எழுதிவிட வேண்டாம். முன்பு அது பொதுச் சொல். இப்போது ‘டிப்ரெஷன்’ என்ற நோய்க்கு அதைத்தான் எழுதுகிறார்கள். நோட்டீஸில் போட்டால் மனேஜர் ஊழியர்களுக்கு வைத்தியம் பார்க்க வெளிக்கிட்டது மாதிரி இருக்கும். ஆங்கிலத்திலும் டிஸ்ஹார்ட்டன்ட் நோயின் பெயர் அல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம்: ரிசல்ட், டெண்டர், வீடு. காரணம் போனால் அதுவும் பெரும்பாலும் போய்விடும். டிப்ரெஷன் அப்படி இல்லை, காரணமே தெரியாமலும் கிழமைக்கணக்கில் கிடக்கலாம், நல்ல செய்தி வந்தாலும் அசையாமல் இருக்கலாம். அப்படி யாருக்காவது இருந்தால் அகராதியைத் தேட வேண்டாம், 1926க்கு எடுக்கச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது.

‘ஏமாற்றம்’ என்ற சொல்லிலும் கவனம். ‘ஏமாந்து போனோம்’ என்று நோட்டீஸில் வந்தால், யார் ஏமாற்றினார்கள் என்ற கேள்வி வரும். டெண்டர் விஷயத்தில் அது ஆபத்தான கேள்வி.


புறக்கோட்டை_நானா | புதன், காலை 9.15

சிங்களத்தில் என்ன போட்டார்கள் தங்கச்சி? அதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. எங்கட கடையில் மூன்று பாஷையும் ஒரே வசனத்தில் ஓடும், அதனால் சொல்கிறேன்.


காலிவீதி | புதன், காலை 9.41

அண்ணா ‘அதைர்யமத்’ என்று போட்டிருக்கிறார் நானா.


புறக்கோட்டை_நானா | புதன், காலை 10.02

அப்ப பாருங்கள், அது நம்முடைய ‘அதைரியம்’தான், ஒரே சமஸ்கிருத வீட்டுப் பிள்ளைகள். ஆனால் சிங்களத்தில் ‘அதைர்ய வென்ன எபா’ என்று சின்னப் பிள்ளைக்கும் சொல்வார்கள், சாதாரணம். தமிழில் ‘அதைரியப்பட வேண்டாம்’ என்றால் பழைய கடிதம் மாதிரி இருக்கிறது. எங்கட வாப்பா வெளிநாட்டில் இருந்து எழுதும்போது அப்படித்தான் எழுதுவார். இப்ப அதைரியம் என்றால் பயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். களஞ்சியத்து ஆட்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

கடையில் சிங்கள ஆட்கள் இன்னொன்று சொல்வார்கள், ‘ஹித்த வெட்டுணா’. மனசு விழுந்துவிட்டது என்று அர்த்தம். யாவாரம் இல்லாத நாளில் பின்னேரம் நாலு மணிக்கு ஷட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தச் சொல்லுக்கு முகமே தெரியும். கையில் அளவு நாடா இருக்கும், துணியை விரித்து மடிப்பான், திரும்ப விரித்து மடிப்பான், வருகிற ஆளை ‘வாங்க வாங்க’ என்று கூப்பிட மாட்டான். காலையில் அதே ஆள்தான் ரோட்டில் இறங்கிக் கூப்பிட்டது.


அரும்பு_ஐஈஎல்டிஎஸ் | புதன், பகல் 1.30

ஒரு சந்தேகம். போன மாதம் ஸ்பீக்கிங் பரீட்சையில் ‘ஐ அம் வெரி டிஸ்ஹார்ட்டனிங்’ என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர் லேசாகச் சிரித்தார். பிழை என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை.


பழைய_வாத்தியார் | புதன், பகல் 2.10

நீங்கள் சொன்னதன் பொருள், ‘நான் மற்றவர்களுடைய மனதைத் தளரச் செய்கிற ஆள்.’ அவர் சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

இதைத் தமிழில் நீங்கள் ஒரு நாளும் பிழைவிட மாட்டீர்கள். தளர்ந்தேன், தளர்த்தினேன். தேறினேன், தேற்றினேன். தன்வினை, பிறவினை என்று எட்டாம் வகுப்பில் படித்ததுதான். ஆங்கில ‘டிஸ்ஹார்ட்டன்’ பிறவினை மட்டும்தான், ‘தளர்த்து’ என்ற பொருள். அதனால் தளர்ந்தவர் தன்னைச் சொல்லும்போது ‘டிஸ்ஹார்ட்டன்ட்’, தளர்த்தப்பட்டவர். தளர்த்துகிற விஷயத்துக்கு ‘டிஸ்ஹார்ட்டனிங்’. ரிசல்ட்ஸ் டிஸ்ஹார்ட்டனிங், நான் டிஸ்ஹார்ட்டன்ட். ‘போரிங்’கும் ‘போர்ட்’டும் இதே கதைதான். ‘ஐ அம் போரிங்’ என்று பெருமையாகச் சொன்ன ஒரு முழு வகுப்பே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதற்குப் பின்னால் ‘பை’ வரலாம், ‘அட்’ வரலாம், ‘டு ஸீ’, ‘டு ஹியர்’ வரலாம். ‘டிஸ்ஹார்ட்டன்ட் ஒஃப்’ என்று மட்டும் போடாதீர்கள். எழுத்தில் கொஞ்சம் மரியாதையான சொல் இது, நண்பர்களோடு கதைக்கும்போது ஆங்கிலேயர் ‘ஃபெட் அப்’, ‘டவுன்’ என்று எதையாவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் ஃபெட் அப்பில் எரிச்சல் கலந்திருக்கும். டிஸ்ஹார்ட்டன்டில் எரிச்சல் கிடையாது, தோள் இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.


அரும்பு_ஐஈஎல்டிஎஸ் | புதன், பகல் 2.26

நன்றி சேர். ‘டிமொரலைஸ்ட்’ என்றால் இதே தானா?


ரயில்பெட்டி | புதன், பகல் 2.41

அதை நான் சொல்கிறேன், நான் நேரில் பார்த்தவன். 2023 செப்டெம்பர் 17, பிரேமதாச மைதானம், ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கை 15.2 ஓவரில் 50 ஓட்டத்துக்கு ஓல் அவுட். சிராஜுக்கு 6 விக்கெட். இந்தியா 6.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டது. நான் வாங்கிய கொத்து ஆறவில்லை, மேட்ச் முடிந்துவிட்டது.

எனக்கு வந்தது டிஸ்அப்பொயின்ட்டட், டிக்கெட் காசு உட்பட. நான் விளையாடவில்லையே, தொடர்வதற்கு எனக்கு அங்கே ஒன்றும் இல்லை. என்னோடு வந்த மருமகன் பதினொரு வயது, பாடசாலை அணியில் பந்து போடுகிறவன். அவன் அடுத்த கிழமை பிரக்டிஸுக்குப் போக மாட்டேன் என்றான், அது டிஸ்ஹார்ட்டன்ட். ஆறு விக்கெட் 12 ஓட்டத்துக்குப் போனபின் உள்ளே இறங்கினவர்கள் நடந்து வந்த நடை இருக்கிறதே, அது டிமொரலைஸ்ட். சரியா சேர்?


பழைய_வாத்தியார் | புதன், மாலை 5.20

முழுப் புள்ளி. டிமொரலைஸ்ட் என்பது பெரும்பாலும் ஒரு கூட்டத்துக்கு, அணிக்கு, படைக்கு வருவது. அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பொருளே வேறு. அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 1794இல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதும்போது ஒழுக்கத்தைக் கெடுப்பது என்ற பொருளில் போட்டார். மன உறுதியைக் குலைப்பது என்ற பொருள் பிறகுதான் வந்தது.

படை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், அஜின்கோர்ட் போருக்கு முதல் நாள் இரவு அரசன் மாறுவேடத்தில் தன் படைவீரர்களிடையே உட்கார்ந்து கதைக்கிறான். அரசனுக்கும் நம்மைப் போலத்தான் பயம் இருக்கும், ஆனால் அவன் அதை வெளியே காட்டக்கூடாது, காட்டினால் படை தளர்ந்துவிடும் என்கிறான். அங்கே வருகிற வினைச்சொல் இதே ‘டிஸ்ஹார்ட்டன்’தான். பயப்படுகிற அரசனே, தான் அரசன் இல்லை என்ற பாவனையில் அதைச் சொல்கிறான். நானூறு வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சொல்லின் வேலை மாறவில்லை.

உங்கள் மனேஜரும் ஒரு வகையில் அந்த இடத்தில்தான் நிற்கிறார் பிள்ளை. அவர் தன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையா?


காலிவீதி | புதன், மாலை 6.02

இல்லை சேர். ‘உங்களில் பலர்’ மட்டும்தான். அடுத்த வரி ‘ப்ளீஸ் டோன்ட் பீ’.


கொட்டாஞ்சேனை_அக்கா | புதன், மாலை 6.30

அதுதான் எனக்குப் பிடிக்காதது. இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் நான் அதிகம் கண்டது வேலை இல்லை என்று வருகிற கடிதங்களில்தான். ‘டோன்ட் பீ டிஸ்ஹார்ட்டன்ட்’ என்று கடைசியில் ஒரு வரி. அடித்தவனே வந்து தைலம் பூசுகிற மாதிரி. சொல் சரி, சொல்கிற வாய் யாருடையது என்பதையும் பாருங்கள்.


ஓலைச்சுவடி | புதன், இரவு 8.15

இத்தனை பேர் எழுதியும் வள்ளுவரை ஒருவரும் கூப்பிடவில்லையே. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் முதல் குறள், 611:

அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்
பெருமை முயற்சி தரும்.

‘அசாவுதல்’ என்றால் தளர்தல். இது கடினம் என்று நினைத்துத் தளரக்கூடாது என்கிறார். வாத்தியார் சொன்ன அதே நிபந்தனை இங்கே இருக்கிறது, முயற்சியோடு சேர்த்துத்தான் தளர்ச்சியைப் பேசுகிறார். ஜி.யு. போப் 1886இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இந்த இடத்துக்கு ‘டெஸ்பொண்டிங்’ என்ற சொல்லைப் போட்டார். 597ஆவது குறளில் ‘ஒல்கார்’ என்று வருகிறது. உடம்பெல்லாம் அம்பு தைத்தும் ஊன்றி நிற்கிற யானையைப் போல, உறுதி உள்ளவர்கள் அழிவு வந்த இடத்திலும் தளர மாட்டார்களாம். ‘அசாவ வேண்டாம்’ என்று நோட்டீஸில் போடலாமே.


ரயில்பெட்டி | புதன், இரவு 8.19

போடலாம். ஸ்டோர் கீப்பர் ஐயா திரும்பவும் போன் எடுப்பார்.


ஓலைச்சுவடி | புதன், இரவு 8.24

சிரியுங்கள். நல்ல சொற்களை எல்லாம் இப்படித்தான் தொலைத்தோம்.


சத்தியப்பிரமாணம் | புதன், இரவு 8.50

ஓலைச்சுவடி ஐயா கோபிக்க வேண்டாம். நல்ல சொல்தான், ஆனால் நோட்டீஸ் என்பது சுவரில் ஒட்டி, பிளேன்டீ கையில் வைத்துக்கொண்டு நின்றபடி படிக்கிற பொருள். அரை நிமிடம்தான். அதற்குள் விளங்காவிட்டால் படிக்கிறவர் அடுத்த நோட்டீஸுக்குப் போய்விடுவார்.

டெஸ்பொண்டன்ட் பற்றிச் சொன்னதால் ஒரு வரி. அது டிஸ்ஹார்ட்டன்டை விட ஒரு படி கீழே. லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு, விட்டுக்கொடுத்துவிடுவது, கைவிடுவது என்ற பொருள். டிஸ்ஹார்ட்டன்ட் ஆனவர் போனைக் கவிழ்த்து வைக்கிறார். டெஸ்பொண்டன்ட் ஆனவர் புரோக்கரின் நம்பரையே அழித்துவிட்டார். ‘டிஜெக்டட்’ என்றால் கீழே எறியப்பட்டது, ‘டவுன்காஸ்ட்’ கண் தாழ்ந்தது. எனக்குப் பிடித்தது ‘க்ரெஸ்ட்ஃபொலன்’. தோற்ற சேவல் மாதிரி கொண்டை தொங்கியவன். நாம் ‘முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு’ என்கிறோம், அவர்கள் கொண்டையைத் தொங்கப் போடுகிறார்கள். ஆனால் அதில் கொஞ்சம் பவுசு போன கதையும் இருக்கிறது. சண்டைக்கு முதல் கூவியவனுக்குத்தான் அது பொருந்தும். உழைத்துக் களைத்தவனுக்குப் போட்டால் கேலி.


கொட்டாஞ்சேனை_அக்கா | புதன், இரவு 9.10

அம்மம்மாவிடம் கேட்டேன். அவ வேதாகமத்தைத் திறந்தா. கலாத்தியர் 6ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தில் ‘சோர்ந்துபோகாமல்’ என்றும் ‘தளர்ந்துபோகாதிருந்தால்’ என்றும் இரண்டும் ஒரே வசனத்தில் வருகிறது. அப்புறம் கொலோசெயர் 3:21இல் தகப்பன்மாருக்குச் சொல்கிற இடத்தில், பிள்ளைகள் ‘திடனற்றுப்போகாதபடி’. ஆங்கில வேதாகமத்தில் அங்கே ‘டிஸ்கரேஜ்ட்’. திடன் அற்றுப்போவது! என் தம்பி அலுமாரிக்கு மேலே கட்டை வைத்த அன்றைக்கு எனக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை.

சேர், தளர்தல் மேடைச் சொல் என்றதை வாபஸ் வாங்குகிறேன். அம்மம்மா தினமும் அதைத்தான் படிக்கிறா, எனக்குத்தான் காதில் விழவில்லை.


புறக்கோட்டை_நானா | வியாழன், காலை 8.40

நான் ஒரு வசனம் சொல்கிறேன், பிடித்தால் எடுங்கள். மனசு தளர்ந்த ஆளிடம் ‘நீ தளர்ந்திருக்கிறாய்’ என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். முதலில் அவன் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ‘இவ்வளவு செய்தும்’ என்று தொடங்குங்கள். அந்த ‘உம்’மில் பாதி ஆறுதல் இருக்கிறது. கடையில் வேலை செய்யும் பெடியன்களுக்கு நான் அப்படித்தான் சொல்வேன்.


காலிவீதி | திங்கள், மாலை 5.48

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்குக் காலையில் ஒட்டியாயிற்று. மனேஜரிடம் நேரே போய், ஆங்கிலத்திலேயே ஒரு வரி கூட்டச் சொன்னேன். ஐந்தாம் ஹென்றி கதையைச் சொல்லவில்லை, ‘நீங்களும் அப்படித்தானே சேர் இருக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூட்டினார். கடைசியில் தமிழில் இப்படி வந்தது:

‘மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து, நீங்கள் இவ்வளவு பாடுபட்டும் டெண்டர் கிடைக்கவில்லை. உங்களில் பலருக்கு மனம் தளர்ந்திருக்கும். எனக்கும் அப்படித்தான்.’

‘தளர வேண்டாம்’ என்ற வரியை எடுத்துவிட்டோம். அக்கா சொன்ன தைலக் கதை மண்டைக்குள் நின்றுவிட்டது. சிங்களத்துக்கு அண்ணாவும் ‘அதைர்யமத்’தை எடுத்துவிட்டு ‘ஹித்த வெட்டிலா’ என்று மாற்றப் பார்த்தார். நோட்டீஸுக்கு அது கூடிப்போய்விடும் என்று கடைசி நிமிடத்தில் பழையதையே விட்டுவிட்டார்.

பகல் ஸ்டோர் கீப்பர் ஐயாவுக்கு நானே போன் எடுத்தேன். நோட்டீஸ் விளங்கியதா என்று கேட்டேன். “வடிவா விளங்கினது மகள். பெடியன்களும் வாசிச்சவங்கள், ஒருத்தரும் சிரிக்கேல்லை” என்றார். எனக்குச் சந்தோஷம். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “ஞாயிற்றுக்கிழமை எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். அந்த ஓவர்டைம் எப்ப மகள் வரும்?” என்றார்.

மனேஜரிடம் கேட்டேன். பதில் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, நாளைக்குத் தமிழில் ஒட்ட வேண்டுமாம். ‘அண்டர் ரிவியூ’ என்பதற்கு என்ன போடுவது?


ரயில்பெட்டி | திங்கள், மாலை 5.51

‘மனம் தளர்ந்து’.